அறுத்த சுக்கான்

சுக்கானின் மேல்பாதி என் தோளில் இருந்தது. கீழ்ப்பாதி எனக்குப் பின்னால் அவன் தோளில் வந்தது. ஒப்பிலானுக்கு மேற்கே மூடிக்கிடந்த ஐஸ் பேக்டரியை விட்டு வெளியேறி, மாரியூர் போகும் தார் ரோட்டில் ஏறியிருந்தோம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் நின்றபோதெல்லாம் அவனுக்குப் பின்னால் வந்த நண்டு வலைக்காரி சத்தம் போட்டாள்.

"நட சாமி, நட. எங்கூரு பக்கந்தேன். கார்ல வரத் தெரிஞ்ச ஒனக்கு நடந்து வரத் தெரியாதா?"

"அம்மா, தோள் வலிக்குது."

"வலிக்கட்டும். மரம்னா கனக்கும்னு அறுக்கும்போது தெரியலயாக்கும்?"

சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடித்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் கருவேல மரங்கள். நிழலுக்கு ஒதுங்கலாமா என்று அவன் கேட்டான். நான் நடையை எட்டிப் போட்டேன். அவனுக்கு வலிக்கிறது என்பது எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைத்து எழுத ஒன்றுமில்லை.

அவன் சென்னையிலிருந்து வந்த சிற்பி. அவனிடம் வேலை பார்த்த மாதங்களில் சார் என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எழுத உட்கார்ந்தால் அவன் என்றுதான் வருகிறது. அப்படியே இருக்கட்டும்.

நான் எட்டாவது வரை படித்தவன். அதற்குப் பிறகு ஆந்திராவில் முறுக்குக் கம்பெனி, திருப்பூரில் சாயப்பட்டறை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் அறுப்பு மெஷினுக்குப் பின்னால் நெல் மூட்டை என்று போய்க்கொண்டிருந்தேன். முறுக்குக் கம்பெனியில் முன்கை வெந்தது. சாயப்பட்டறையை விட்டு வந்த பிறகும் நகத்திலிருந்து நீலம் போக வெகு நாளானது. எந்த இடத்திலும் ஒரு வருசம் முழுசாக நிலைத்ததில்லை. ஊருக்கு வந்தால் ஆத்தா சோறு போடுவாள். எப்போது கிளம்புவாய் என்று கேட்பாள். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். ஆனால் அந்த வாசல் எனக்கு எப்போதும் திறந்திருந்தது. கண்ட ஊரிலும் படுத்து எழுகிறவனுக்கு அப்படி ஒரு வாசல் எங்கோ இருக்கிறது என்ற நினைப்பு வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது.

அந்த முறை ஊருக்கு வந்திருந்தபோதுதான் ஐஸ் பேக்டரியில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். உள்ளே ஐஸ் இல்லை. கம்பியை வளைத்து வெல்டு அடித்து மனித உயரத்தில் எலும்புக்கூடுகள் நின்றன. அவற்றின் மேல் பழைய வலையை இழுத்துப் போர்த்தி, வலைக்குள் கடல் ஒதுக்கிய சாமான்களைத் திணிப்பது அவன் வேலை. அந்தச் சாமான்களைப் பொறுக்கி வருவது என் வேலை. காலையில் சாக்கை எடுத்துக்கொண்டு ஒரு நாள் மூக்கையூர்ப் பக்கம், ஒரு நாள் வாலிநோக்கம் பக்கம் என்று கரையோடு நடப்பேன். ஒற்றைச் செருப்புகள், சிங்கள எழுத்து ஒட்டிய பாட்டில்கள், பொம்மைக் கைகள், உடையாமல் ஒதுங்கிய குழல் விளக்குகள், பாசி பிடித்த ஹெல்மெட். எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டு அவன் அவற்றைச் சுற்றிச் சுற்றி வருவான். செருப்பை எடுத்து முகர்ந்துகூடப் பார்ப்பான். கிறுக்கு என்று நினைத்தேன். கெட்டவன் என்று நினைக்கவில்லை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வலைக்கு மேலே மிதக்கவிடும் கேனிலும் கொடிக்கம்பிலும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனி அடையாளம் வைத்திருப்பார்கள். ஒருவருக்குப் பச்சைப் பெயிண்டில் மூன்று கோடு. இன்னொருவருக்கு முடிச்சு வேறு மாதிரி இருக்கும். காற்றில் அறுந்து எங்காவது ஒதுங்கினால், அதைப் பார்க்கிறவன் கரையில் நட்டிருக்கும் கம்பத்தில் கட்டிவிட்டுப் போய்விடுவான். உரியவன் என்றைக்காவது அந்தப் பக்கம் வரும்போது அவிழ்த்துக்கொள்வான். சில சாமான் ஒரு மழைக்காலம் முழுக்கக் கம்பத்திலேயே தொங்கும். யாரும் தொடமாட்டார்கள். நானும் அடையாளம் உள்ளதைச் சாக்கில் போட்டதில்லை.

ஒரு நாள் பேக்டரிக்குள் ஒரு மூலையில் கேன்களும் கொடிக்கம்புகளும் குவிந்து கிடந்தன. அவனே காரில் போய்க் கம்பங்களிலிருந்து அவிழ்த்து வந்திருந்தான்.

"சார், இது கம்பத்துல கட்டிருந்ததா?"

"ஆமா தம்பி. எவ்ளோ அழகு பாருங்க. கோயில் மரத்துல தொட்டில் கட்டுவாங்கல்ல, அந்த மாதிரி. என்னென்ன வேண்டிக்கிட்டுக் கட்டினாங்களோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் என்னிடம் விவரம் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. பொறுக்குவதற்கு வந்தவன் பொறுக்குவதோடு நின்றுகொண்டேன். முடிச்சுகள் அழகாக இருக்கின்றன என்று அவன் எதையும் அறுக்காமல், கயிறும் முடிச்சுமாக அப்படியே ஒரு பெரிய உருவத்தின் மேல் கட்டினான். கொடித்துணி அதற்குத் தலைப்பாகை ஆனது. கேன்கள் மார்பும் வயிறும் ஆயின.

அந்த உருவத்துக்குக் கை மட்டும் அமையவில்லை. எதைப் பொருத்திப் பார்த்தாலும் கழற்றிப்போட்டான்.

அந்தச் சமயத்தில்தான் அவனை வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனேன். ஆத்தா பாறை மீன் குழம்பு வைத்திருந்தாள். வீட்டுப் பக்கச் சுவரில் அய்யா ஓட்டிய வத்தைப் படகின் சுக்கான் சாய்ந்து நின்றது. அய்யா செத்தபின் வத்தையை விற்றோம். சுக்கானைக் கழற்றி வைத்துக்கொண்டோம். எங்கள் பக்கம் அதைக் கொடுப்பதில்லை, வாங்குகிறவன் புதிதாகச் செய்துகொள்வான். ஆடி அமாவாசைக்கு ஆத்தா அதைக் கழுவி, மஞ்சள் தடவி, முன்னால் இலை போடுவாள். வேறு படம் எதுவும் வீட்டில் இல்லை. அய்யா போட்டோ எடுத்துக்கொண்டதே இல்லை.

அவன் குழம்பைப் பாராட்டிக்கொண்டே சுக்கானைப் பார்த்தான். பிடியில் அய்யாவின் கை தேய்த்த பள்ளம் இருந்தது. அவன் கேட்டான், நான் சொன்னேன். அய்யா பெயர், அவர் இடது கைக்காரர் என்பது, புயலில் ஒரு ராத்திரி முழுக்க அந்தப் பிடியை விடாமல் பாம்பன் பக்கம் கரை சேர்ந்தது, எல்லாம் சொன்னேன். அப்படிக் கேட்கிற ஆள் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

அடுத்த வாரம் நான் வாலிநோக்கம் பக்கம் இருந்த நாளில் அவன் காரில் போய் ஆத்தாவிடம், "உங்க மகன்தான் எடுத்துக்கச் சொன்னார்" என்று சொல்லி, நான் சொன்ன கதையையும் ஒப்பித்திருக்கிறான். ஒரு சேலையும் மிட்டாய்ப் பெட்டியும் கொடுத்திருக்கிறான். சுக்கானை டிரைவரை விட்டுத் தூக்கி வண்டிமேல் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

நான் வீட்டுக்குப் போனபோது ஆத்தா கதவைப் பாதி சாத்தி நின்றாள்.

"ஒங்கய்யாவ என்னத்துக்குலே குடுத்த?"

"ஆத்தா, நான் குடுக்கல. எனக்குத் தெரியவே தெரியாது."

"தெரியாதா? அப்ப ஒங்கய்யா இடது கையின்னு அவனுக்கு யாரு சொன்னா? பாம்பன்ல கர ஏறுனத யாரு சொன்னா? சுவத்துல எழுதியா ஒட்டிருக்கு?"

சொன்னது நான்தான்.

"ஊரூராப் போயி எதையெதையோ வித்துத் தின்னவன், இதையும் வித்துட்ட. போ. இனி இந்த வாசலுக்கு வராத."

சேலை என் காலடியில் வந்து விழுந்தது. கதவு மூடியது. அந்தக் கதவு என் முகத்துக்கு முன்னால் மூடி நான் பார்த்ததில்லை.

பேக்டரிக்குப் போனேன். சுக்கானைக் குறுக்கே இரண்டாக அறுத்து, அந்த உருவத்தின் தோளில் பக்கத்துக்கு ஒன்றாக போல்ட் போட்டிருந்தான். கை வந்துவிட்டது. தரையில் மரத்தூள் கிடந்தது.

"சார், ஆத்தாகிட்ட என் பேரச் சொன்னீங்களா?"

அவன் என் தோளில் கை வைத்தான். "தம்பி, அது அங்க சுவரோரமா செத்துக் கிடந்துச்சு. இங்க பாருங்க, உயிரோட இருக்கு. உங்க அப்பாவுக்கு நான் கை குடுத்திருக்கேன்."

அவனை அடித்திருக்கலாம். சம்மட்டி பக்கத்தில்தான் இருந்தது. அடித்தால் அவன் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள ஒரு கதை கிடைக்கும், எனக்கு சாயல்குடி ஸ்டேஷன் கிடைக்கும். சரி சார் என்றேன். மரத்தூளைக் கூட்டி அள்ளினேன். மறுநாளும் சாக்கோடு கரைக்குப் போனேன். படுக்கை பேக்டரித் தரையில். ஒரு சனிக்கிழமை அவன் பேக்டரியிலேயே வைக்கவிருந்த கண்காட்சிக்கு மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெரிய மனிதர்கள் வருவதாக இருந்தது. விரட்டப்பட்டவன் எப்படி வேலை செய்வானோ அதைவிட நன்றாக வேலை செய்தேன். பெயர்ப்பலகைகளை நான்தான் துடைத்து மாட்டினேன். பெரிய உருவத்துக்கு அவன் வைத்த பெயர் 'யாருக்கும் சொந்தமில்லாதவை.' அதை வாசித்தபோதுதான் என்ன செய்வது என்று எனக்கு முழுசாகத் தெரிந்தது.

சாக்கு தூக்கும் சாக்கில் ஒவ்வொரு கரையாகப் போனேன். எங்கள் மாரியூரில் நண்டு வலை விடும் அக்காவிடம் முதலில் சொன்னேன். அவள் புருசன் இல்லாதவள், நாக்கு நீளம்.

"அக்கா, ஒன் கொடிக்கம்பு எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"எங்கனலே? கம்பத்துல பாத்தேன்னு சொன்னாக, போயிப் பாத்தா இல்ல."

"சனிக்கெழம மத்தியானம் வா. குளிச்சு நல்ல சீல கட்டிட்டு வா. யாரையும் வையக்கூடாது, அடிக்கக்கூடாது. ஒன் முடிச்ச நீ அவுக்கணும், அம்புட்டுத்தேன்."

வாலிநோக்கத்தில் பச்சைக்கோடு போட்ட பாய், கேட்டவுடன் தலையில் கை வைத்தார். "அல்லாவே, அது எங்க வாப்பா காலத்துக் கோடுல்ல. ஒனக்கு அப்பயே தெரியும்ல? ஏன் சொல்லல?"

"இப்பச் சொல்றேன்ல பாய்."

"ஒனக்கு நோவுனபெறகு சொல்ற." சுக்கான் போன சேதி அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அவர் முறைத்தார். ஆனாலும் வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை பேக்டரி வாசலில் கார்கள் நின்றன. உள்ளே குளிரூட்டிய தண்ணீர் பாட்டில்கள், மல்லிகைப்பூ, மைக். கைத்தறிப் புடவை கட்டிய பெண்கள் சிற்பங்களுக்கு முன் தலையைச் சாய்த்து நின்றார்கள். அவன் வெள்ளை ஜிப்பாவில் பேசினான். கடல் கைவிட்டதைத் தான் கையேந்தி வாங்கிக்கொண்டதாகச் சொன்னான். கைதட்டல் ஓய்வதற்குள் எங்கள் ஆட்கள் உள்ளே வந்தார்கள். சொன்னபடியே எல்லோரும் துவைத்த வேட்டி, எண்ணெய் வைத்த தலை. யாரோ அழைத்து வந்தவர்கள் என்று நினைத்து வாசலில் நின்ற பெண் அவர்களுக்கும் சந்தனம் கொடுத்தாள்.

நண்டு வலைக்காரி பெரிய உருவத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏய், இது என் சீலல்ல! கொடிக்குக் கிழிச்ச என் கத்திரிப்பூச் சீல! இவன் தலப்பாக் கட்டிவிட்டுருக்கான்."

நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி முடிச்சை அவிழ்த்தாள். அவள் போட்ட முடிச்சு, இரண்டு இழுப்பில் வந்தது. அவன் ஓடி வந்தான்.

"அம்மா, தொடாதீங்க. அது சிற்பம்."

"இது கொடிக்கம்பு. நாங்க எடுத்துக்கிருவோம்னுதேன் கம்பத்துல கட்டி வச்சாக. நீ எதுக்கு அவுத்த?"

"நான்... அது ஏதோ வேண்டுதல்னு நெனச்சேன்."

பாய் தன் கேனை அவிழ்த்துக்கொண்டே திரும்பினார். "வேண்டுதல்னு நெனச்சும் அவுத்துட்டு வந்தியா? அது அதவிடப் பெரிய பாவமாச்சே அய்யா!"

சிரிப்பு எழுந்தது. ஆளாளுக்குத் தங்கள் கோட்டையும் முடிச்சையும் தேடி அவிழ்த்தார்கள். வயிறு போயிற்று, மார்பு போயிற்று. வலைக்குள் கம்பிகள் தெரிந்தன. நான் சுவரோரம் நின்று அவன் முகத்தையே பார்த்தேன். அவன் வாய் கோணியதை ஆசையோடு பார்த்தேன்.

அப்போதுதான் நான் நினைக்காதது நடந்தது. விருந்தாளிகளில் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். போன்களைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். இதுவும் கண்காட்சியில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள். அவன் ஒரு நொடி விழித்தான். பிறகு அவன் முகம் மாறியது. மைக்கை எடுத்தான்.

"இதுதான் இந்தப் படைப்போட கடைசிக் கட்டம். பொருட்கள் வீடு திரும்புது. நானே இவங்களை..."

அய்யாவை எடுத்தவன் நான் தீர்த்துக்கொண்ட பழியையும் எடுத்துக்கொண்டான். இன்னும் கொஞ்சம் விட்டால் நானே அவனுக்கு ஒரு பொருள் ஆகிவிடுவேன்.

ஸ்பேனரை எடுத்துப்போய் இரண்டு தோளிலும் போல்டைக் கழற்றினேன். சுக்கானின் இரண்டு பாதிகளையும் அவன் காலடியில் வைத்தேன். எனக்கு மைக்கில் பேசத் தெரியாது, அது இல்லாமலே சத்தமாகப் பேசினேன்.

"இதுவும் வீட்டுக்குப் போகணும் சார். எங்க அய்யா சுக்கான். நான் குடுத்தேன்னு எங்க ஆத்தாகிட்டப் பொய் சொல்லித் தூக்கிட்டு வந்தீங்க. ஆத்தா என்ன வீட்டுக்குள்ள விடல. நீங்களே கொண்டாந்து, பொய் சொன்னேன்னு சொல்லிட்டு வாங்க. அதுவும் கடைசிக் கட்டந்தான?"

கைதட்டல் நின்றது. போன்கள் இறங்கவில்லை. கைத்தறிப் புடவைக்காரப் பெண் ஒருத்தி கேட்டாள், "உண்மையா சார்?"

அவன் அவளைப் பார்த்தான், போன்களைப் பார்த்தான். "சின்ன தப்பான புரிதல்" என்றான்.

"அப்ப போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள் அவள்.

நண்டு வலைக்காரி கீழ்ப்பாதியைத் தூக்கி அவன் தோளில் வைத்தாள். காரில் வருவதாகச் சொன்னான். "காருன்னா நீ சாயல்குடி தாண்டிருவ" என்றாள்.

அப்படித்தான் நாங்கள் மாரியூருக்கு நடந்தோம். சில விருந்தாளிகள் கொஞ்ச தூரம் படம் எடுத்துக்கொண்டே வந்தார்கள். வெயில் தாங்காமல் திரும்பிவிட்டார்கள். ஊருக்குள் நுழைந்தபோது அவன் ஜிப்பா முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் கொடுத்த சேலை எங்கள் வாசலில் மடித்துக் கிடந்தது. ஆத்தா அதை மிதியடி ஆக்கியிருந்தாள்.

ஆத்தா கருவாடு அள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், அவன் தோளைப் பார்த்தாள். தெருவில் ஆட்கள் கூடினார்கள்.

"அம்மா," என்றான் அவன் மெதுவாக, "உங்க மகன் குடுக்கச் சொல்லல. நான்தான் அப்படிச் சொல்லிட்டேன்."

"கேக்கலய்யா. காது மந்தம்." ஆத்தாவுக்குக் கூரையில் எலி நடந்தால்கூடக் கேட்கும்.

"உங்க மகன் சொல்லல! நான் பொய் சொன்னேன்!"

"எனக்குக் கேட்டுருச்சு. தெருக்கோடியில இருக்குறவுகளுக்குக் கேக்கல. அவுகதேன் எம்மகன வித்துத் தின்னவன்னு பேசுனாக."

அவன் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று மறுபடியும் கத்தினான். குரல் உடைந்தது. யாரோ ஒரு கிழவர், "இப்பக் கேட்டுச்சு" என்றார். அவன் தோளிலிருந்ததை இறக்கினான். போல்டும் தகடும் போட்டு ஒன்றாகச் சேர்த்துத் தருவதாகச் சொன்னான்.

"ஒன் கை போதும்" என்றாள் ஆத்தா. "சீலைய மிதிச்சுக் காலத் தொடச்சுட்டுப் போ. எங்க தெரு மண்ணு ஒன் கார்ல ஒட்ட வேணாம்."

அவன் துடைக்கவில்லை. சும்மா போனான். ரோட்டில் அவன் டிரைவரோடு போனில் கத்துவது கேட்டது.

ஆத்தா இரண்டு பாதிகளையும் சுவரோரம் பக்கத்துப் பக்கத்தில் சாய்த்தாள். அறுத்த இடத்தைத் தடவினாள். உள்ளே போய்த் தட்டு வைத்தாள். நான் உட்கார்ந்தேன். சோறு போட்டாள்.

"அவன் சொன்னத நம்புனேன். நீ சொன்னத நம்பல" என்றாள். "நான் வளத்த பிள்ளயத்தான் நான் நம்பல. அதுக்கு ஒங்கிட்ட மன்னிப்பு ஒண்ணும் கேக்கப் போறதில்ல."

"கேக்க வேணாம்."

"நீயும் அவங்கிட்டக் கத சொன்னேல்ல."

"சொன்னேன்."

கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். "ஒனக்கு மனசு ஆறுச்சாலே?"

"இல்ல."

"எனக்குந்தேன்" என்றாள்.

எப்போது கிளம்புவாய் என்று கேட்கவில்லை.

விடிந்ததும் ஐஸ் பேக்டரிக்குச் சொந்தக்காரர் போன் செய்தார். சிற்பி பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான், உள்ளே இருப்பதை எல்லாம் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளச் சொல்லிவிட்டான் என்றார். "கொட்டகைய இறால் யாவாரிக்கு விடப்போறேன். உள்ள கெடக்குறத ஒடச்சுப் பழைய இரும்புக் கடைக்கு ஏத்தணும். ஆளு பாத்துத் தாரியா, இல்ல நீயே வாரியா?"

"நானே வாரேன்" என்றேன்.

ஆத்தா கட்டிக் கொடுத்த பழைய சோற்றோடு போனேன். வேறு ஆளைக் கூட்டிக்கொள்ளவில்லை. பெரிய உருவத்தின் கம்பிக்கூட்டை முதலில் சாய்த்தேன். காலை வளைத்து மிதித்து, சம்மட்டியால் தட்டித் தட்டையாக்கினேன். பிறகு ஒவ்வொன்றாக. ஜன்னல் பக்கம் ஓர் ஆமை இருந்தது. நான் பொறுக்கி வந்த ஒற்றைச் செருப்புகளை ஓட்டுக் கட்டங்களாக அடுக்கிச் செய்தது. கண்ணுக்கு ஒரு பாட்டில் மூடி. கழுத்தை வெளியே நீட்டி, தண்ணீர் எந்தப் பக்கம் என்று தேடுவதுபோல இருந்தது. அதில் கம்பத்துச் சாமான் ஒன்றுமில்லை. யாரும் வந்து கேட்கப் போவதும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் செய்திருந்தான்.

அதையும் அடித்தேன்.